இணையத்தில் ஆள் தேடுவோர் அறிய வேண்டியவை

(ஜமாஅத் வேலைவாய்ப்பு உதவிப் பிரிவின் சார்பில் நடைபெற்ற கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றிப் பேச ஓர் ஆலிமுக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் கணினிக் கல்வி பெற்றவரல்லர். நம் வேலைவாய்ப்பு உதவிப் பிரிவின் மேசையருகே சில ஆண்டுகளாக அமர்ந்திருப்பதால் கண்டு கற்றது கொஞ்சம். சென்னையிலும் துபாயிலும் மனிதவளத் துறையில் பணிபுரியும் நம் மஹல்லாப் பிள்ளைகள் விடுப்பில் வரும்போதெல்லாம் சலிக்காமல் சொல்லித் தந்தது மீதி. ஆயினும் இன்று பேச முன்வந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது நம்மால் நேர்ந்த ஒரு தவறு.

ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் நடத்தும் நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர், 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த சில நாள்களில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், எனக்கு இரண்டு எச்விஏசி டெக்னீஷியன் வேண்டும். சில்லர் வேலை தெரிந்திருக்க வேண்டும். ஏஜெண்டிடம் போவதற்கு முன்னால் நம்மூரில் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்" என்றார். அப்போது நம் பிரிவின் கணினியில் 300க்கும் மேற்பட்டோரின் பயோடேட்டாக்கள் இருந்தன. அவர் சொன்ன சொற்களை அப்படியே தட்டச்சு செய்து தேடச் சொன்னோம். ஒன்றும் வரவில்லை. 'யாரும் இல்லை' என்று பதிலளித்துவிட்டோம். அவரும் வேறிடத்தில் ஆளெடுத்துக்கொண்டார்.

மூன்று மாதங்கள் சென்றபின், நம் பள்ளிவாசலின் மேல்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி ஒன்று பழுதானது. அதைச் சரிசெய்ய வந்தவர் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த சகோதரர். நாற்பது வயதை நெருங்குபவர். வேலை முடிந்ததும் பேச்சுவாக்கில் விசாரித்தோம். "ஏழு வருஷம் தம்மாமிலே சில்லர் வேலைதான் ஹஜ்ரத் பார்த்தேன். ஊர் வந்து ஒன்றரை வருஷமாச்சு. நம்ம ஜமாஅத் ஆபீஸ்லயும் பயோடேட்டா கொடுத்திருக்கேன். ஒரு தகவலும் வரலே" என்றார். நமக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. உடனே இறங்கிவந்து கணினியைத் திறக்கச் சொன்னோம். அவருடைய பயோடேட்டா அங்கேதான் இருந்தது. அதில் எழுதியிருந்தது: 'ஏசி மெக்கானிக், 7 வருட அனுபவம், சவூதி.' அதனுடன் இணைத்திருந்த ஐடிஐ சான்றிதழில் இருந்தது: 'மெக்கானிக் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங்.' ஷார்ஜாச் சகோதரர் கேட்டது: 'எச்விஏசி டெக்னீஷியன்.' மூன்றும் ஒரே தொழிலைக் குறிப்பவை. ஆனால் கேட்டவரின் சொற்களில் ஒன்றுகூட இந்த இரண்டிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சில்லர் என்ற சொல்லையும் அவர் எழுதியிருக்கவில்லை. 'ஏசி வேலை என்றாலே அதுவும் சேர்ந்ததுதானே' என்று இருந்துவிட்டார்.

கணினி ஆளைத் தேடுவதில்லை, சொல்லைத் தேடுகிறது. எழுதப்பட்ட சொல் இருந்தால் அதைக் காட்டும். இல்லையென்றால் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும் அவர் இல்லாதவரே. இக்காலத்தில் சில பெரிய தளங்கள் ஒத்த பொருளுடைய சொற்களைத் தாமே ஊகித்துச் சேர்த்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். அந்த ஊகத்தை நம்பித் தேடுபவர் தம் கடமையைக் கைவிட்டுவிட முடியாது. நம் அலுவலகக் கணினிக்கு அந்த ஊகமும் கிடையாது.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எகிப்து அறிஞர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கீ அவர்கள் தொகுத்த குர்ஆன் சொல்லடைவை நாம் அனைவரும் புரட்டியிருக்கிறோம். ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் அதன் வேர் எழுத்துகளை அறிந்து, அந்த வேரின் கீழ்ச் சென்று பார்க்க வேண்டும். 'மக்தூப்' என்பதை 'மீம்' பகுதியில் தேடும் மாணவன் நாள் முழுவதும் தேடினாலும் காணமாட்டான். 'காஃப், தா, பா' என்ற வேருக்குப் போக வேண்டும். ஹதீஸ் நூல்களுக்கென 1936 முதல் லெய்டன் நகரிலிருந்து பல பாகங்களாக வெளிவந்த பெரிய சொல்லடைவும் அத்தகையதே. நினைவிலிருக்கும் சொல்லைக் கொண்டு தேடிக் கிடைக்கவில்லையென்றால், 'இந்தச் செய்தி வேறு அறிவிப்பில் வேறு சொல்லால் வந்திருக்குமோ' என்று எண்ணி, அந்தச் சொல்லின் வேரைத் தேடுவோம். 'கிடைக்கவில்லை, ஆகவே அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும் மாணவனை உஸ்தாத் என்ன சொல்வார் என்பது உங்களில் ஓதியவர்களுக்குத் தெரியும். மாணவப் பருவத்தில் கற்ற அந்தப் பாடத்தை மேசையருகே அமர்ந்தபோது நாம் மறந்துவிட்டோம்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். ஆளெடுப்போர் 'பூலியன் தேடல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் பெயரால் அமைந்தது அது. அவர் 1815இல் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமல், தாமே கற்று, 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் விளக்கும் அவருடைய நூல் 1854இல் வெளிவந்தது. 'பட்டம் பெற்றவர் மட்டும்' என்று வடிகட்டும் இன்றைய ஆளெடுப்போர் எவரும் அந்நாளில் பூலைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இது இடைச்செருகல்; ஆயினும் நினைவில் வைக்கத் தக்கது.

அவர் வகுத்த தர்க்கத்திலிருந்து வந்தவை மூன்று சொற்கள்: 'அண்ட்', 'ஆர்', 'நாட்'. இரண்டும் இருக்க வேண்டும் என்றால் 'அண்ட்'. இரண்டில் ஏதேனும் ஒன்றிருந்தால் போதும் என்றால் 'ஆர்'. இது இருக்கக் கூடாது என்றால் 'நாட்'. ஆங்கிலத்தில் இவற்றைப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். கூகுளில் 'அண்ட்' தேவையில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி விட்டாலே அது 'அண்ட்' என்று கொள்ளும். 'நாட்' என்பதற்கு அங்கே சொல்லுக்கு முன்னால் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட வேண்டும். சேர்ந்தே வர வேண்டிய தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் அடைக்க வேண்டும். 'சேல்ஸ் மேனேஜர்' என்பதை மேற்கோள் இல்லாமல் தேடினால், ஓரிடத்தில் சேல்ஸ் என்றும் வேறோரிடத்தில் மேனேஜர் என்றும் இருக்கும் பக்கங்களெல்லாம் வந்து குவியும்.

இம்மூன்றில் ஆளெடுப்போர் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது 'ஆர்'. மிகுதியாகப் பயன்படுத்த வேண்டியதும் அதுவே. நாம் அன்று செய்திருக்க வேண்டிய தேடலை இங்கே எழுதிக் காட்டுகிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அச்சில் படிப்போர் பின்தொடர்வதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

(எச்விஏசி ஆர் "ஏசி மெக்கானிக்" ஆர் "ஏசி டெக்னீஷியன்" ஆர் "ஏர் கண்டிஷனிங்" ஆர் ரெஃப்ரிஜரேஷன் ஆர் சில்லர்) அண்ட் (சவூதி ஆர் கேஎஸ்ஏ ஆர் யுஏஇ ஆர் துபாய் ஆர் கத்தார் ஆர் குவைத்)

முதல் அடைப்பில் தொழிலின் எல்லாப் பெயர்களும் உள்ளன. இரண்டாம் அடைப்பில் நாட்டின் பெயர்கள். 'சவூதி' என்று எழுதுபவர் ஒருவர், 'கேஎஸ்ஏ' என்று எழுதுபவர் இன்னொருவர், நாட்டை எழுதாமல் ஊரை மட்டும் எழுதுபவர் வேறொருவர். ஆகவே ரியாத், ஜித்தா, தம்மாம் ஆகியவற்றையும் சேர்ப்பது நல்லது. ஆனால் கூகுள் ஒரு தேடலில் 32 சொற்களுக்கு மேல் கணக்கில் கொள்வதில்லை. எனவே எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்காமல் இரண்டு மூன்று தேடல்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சில்லரைத் தனியாக 'அண்ட்' இட்டுக் கட்டாயமாக்கியிருந்தாலும் நம் சகோதரர் விடுபட்டுத்தான் போயிருப்பார். ஆதலால் முதல் தேடலை விரிவாகச் செய்து, வந்தவர்களிடம் தொலைபேசியில் 'சில்லர் பார்த்ததுண்டா' என்று ஒரு கேள்வி கேட்பதே சிறந்தது. ஒரு கட்டாயச் சொல்லைக் கூட்டுவதற்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானமாக இருக்கலாம்.

'நாட்' என்பதைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஒரு சகோதரர் விற்பனையாளர் பணிக்கு ஆள் தேடினார். மேலாளர்கள் வேண்டாம் என்பதற்காக 'நாட் மேனேஜர்' என்று இட்டார். நல்ல விற்பனையாளர்கள் பலர் தம் பயோடேட்டாவில் 'சேல்ஸ் மேனேஜரின் கீழ்ப் பணிபுரிந்தேன்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் அனைவரும் அடியோடு மறைந்துபோனார்கள். 'அண்ட்' இட்டுத் தவறினால் குறைவாகவேனும் கண்ணுக்குத் தெரியும். 'நாட்' இட்டு இழந்தவர்களோ இழந்ததே தெரியாமல் போய்விடுவார்கள். எனவே முதலில் 'நாட்' இல்லாமல் தேடிப் பார்த்து, எது வீணாகக் குறுக்கிடுகிறது என்று கண்டபின் அதை மட்டும் நீக்க வேண்டும்.

எங்கே தேடுவது? நம் நாட்டில் 1997இல் தொடங்கப்பட்ட நௌக்ரி தளம், துபாயைத் தலைமையிடமாகக் கொண்டு 2000இல் தொடங்கப்பட்ட பைத் தளம், வளைகுடாவுக்கான நௌக்ரிகல்ஃப் ஆகியவற்றில் வேலை தேடுவோர் தாமே பயோடேட்டாக்களை இட்டு வைக்கின்றனர். நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அவற்றுக்குள் தேடலாம். மான்ஸ்டர் என்று நாம் அறிந்திருந்த தளம் இந்தியாவில் 2022 முதல் 'ஃபவுண்டிட்' என்ற பெயரில் இயங்குகிறது. லிங்க்ட்இன் 2003இல் தொடங்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அங்கே வேலை தேடாதவர்களும் தம் பணி விவரங்களை வைத்திருப்பார்கள் என்பதே அதன் தனித்தன்மை. கணக்காளர், பொறியாளர், மருந்தாளுநர், மென்பொருள் துறையினர் ஆகியோருக்கு அது ஏற்ற இடம். வெல்டரையும் பைப் ஃபிட்டரையும் அங்கே தேடுவது ஓரளவே பயன் தரும். அவர்களை ஐடிஐ நிலையங்களிலும், ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், நம் போன்ற ஜமாஅத் அலுவலகங்களிலும் தேடுவதே மேல்.

லிங்க்ட்இன் தன் சொந்தத் தேடலில் ஒரு தடவைக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. ஆதலால் 'அக்கவுண்டன்ட், இந்தியா' என்று தேடிவிட்டு முதல் சில பக்கங்களைப் பார்த்து முடித்துவிடுபவர், கடலோரத்தில் கால் நனைத்துவிட்டுக் கடலைக் கண்டேன் என்பவரைப் போன்றவர். ஊர்வாரியாக, அனுபவவாரியாகப் பிரித்துத் தேட வேண்டும். கட்டணக் கணக்கு இல்லாதவர்கள் கூகுள் வழியாகவே லிங்க்ட்இனுக்குள் தேடும் வழியும் உண்டு. ஆளெடுப்போர் இதை 'எக்ஸ்ரே' என்பார்கள். 'சைட்' என்ற சொல், அதையடுத்து முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் 'லிங்க்ட்இன் டாட் காம்', சாய்கோடு, 'இன்' என்று அடித்து, அதன்பின் தேவையான சொற்களைத் தர வேண்டும். தனிமனிதர்களின் பக்கங்கள் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 'இன்' என்ற பகுதியில் இருப்பதால், நிறுவன விளம்பரங்கள் விலகி ஆள்களின் பக்கங்கள் மட்டும் வரும். தம் பக்கத்தைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைத்தவர்கள் மட்டுமே இவ்வழியில் தென்படுவார்கள்.

பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு இவற்றைக் கற்பவர்கள் ஏமாற நேரிடும். சொல்லுக்கு முன் கூட்டல் குறி இட்டுக் கட்டாயமாக்கும் முறையைக் கூகுள் 2011இல் நீக்கியது. ஒத்த சொற்களைத் தேட அலைக்குறி இடும் முறை 2013இல் நின்றது. அழிக்கப்பட்ட பக்கத்தின் சேமித்த நகலைப் பார்க்கும் வசதி 2024இல் எடுக்கப்பட்டது. சில பயிற்சி வகுப்புகளில் இன்றும் இவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம்.

நம் பிள்ளைகள் சொல்லித் தந்தவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பதவிப் பெயரை விட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே எழுதக்கூடிய சொல்லைத் தேடுவது. ஐக்கிய அமீரகத்திலும் சவூதியிலும் மதிப்புக் கூட்டு வரியான 'வாட்' 2018 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் ஜிஎஸ்டி 2017 ஜூலை முதல் நாள் வந்தது. ஆகவே வளைகுடாவில் அண்மைக் காலத்தில் கணக்கு வேலை பார்த்த ஒருவர் வேண்டுமானால், 'அக்கவுண்டன்ட்' என்பதோடு 'வாட் ரிட்டர்ன்' என்ற தொடரைச் சேர்த்தால், அதற்கு முன்பே ஊர் திரும்பியவர்களில் பலர் தாமாகவே விலகிக்கொள்வார்கள்.  டேலியில் வேலை செய்தவர் 'டேலி' என்று எழுதாமல் இருக்கமாட்டார். கல்லூரிப் பெயரும் இத்தகையதே. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் படித்தவர்களைத் தேடினால் நம் பகுதியினர் பலர் கிடைப்பார்கள். ஆனால் அந்த 'முகமது' என்பதை ஆங்கிலத்தில் ஒரு எம் இட்டு எழுதுவோர், இரண்டு எம் இட்டு எழுதுவோர், 'ஓ' இடுவோர், 'யூ' இடுவோர் என்று பல வகையினர். அத்தனைக்கும் 'ஆர்' இட்டுத்தான் ஆக வேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படியே. திருச்சிராப்பள்ளி, திருச்சி, ட்ரிச்சி, தஞ்சாவூர், டாஞ்சூர், புதுச்சேரி என்று 2006இல் மாறிய பின்னும் பாண்டிச்சேரி என்றே எழுதுவோர்.

பெயரைக் குறித்துப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேடிக் கிடைத்த இரு பக்கங்கள் ஒரே மனிதருடையவைதாமா என்று உறுதிசெய்வது தேடலின் பாதி வேலை. பெயர் ஒன்று, தந்தையின் முதலெழுத்து ஒன்று, ஊர் ஒன்று என்று இருக்கும் அப்துல் காதர்கள் நம் மஹல்லாவிலேயே எத்தனை பேர்! ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பெயரும் தந்தை பெயரும் ஒன்றாக இருந்து ஆள் வேறாக இருப்பவர்களைப் பிரித்தறியவென்றே, ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல் பக்தாதீ அவர்கள் ஒரு தனி நூல் எழுதினார்கள். எந்த ஊரில் வாழ்ந்தார், எவரிடம் கற்றார், எந்தக் காலத்தவர் என்று பார்த்து ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரிக்கும் கலை அது. ஆளெடுப்போரும் அதையே செய்ய வேண்டும். பணிபுரிந்த நிறுவனம், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டேனும் ஒத்துவந்தாலன்றி இவரே அவர் என்று முடிவுசெய்யக் கூடாது. ஒருவருடைய முகநூல் பக்கத்தில் கண்ட ஏதோ ஒன்றுக்காக, அதே பெயருடைய வேறொருவரின் நேர்காணலை நிறுத்திவைத்த நிகழ்ச்சி நம் கவனத்திற்கு வந்ததுண்டு.

அடுத்து வடிகட்டிகளைப் பற்றிச் சில சொல்வோம். பல தளங்களில் 'இப்போது பணியில் இருப்பவர் மட்டும்' என்று சுருக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அதை இட்ட மாத்திரத்தில் மகப்பேற்றுக்காகவும் பெற்றோரைப் பராமரிக்கவும் வேலையை விட்டு நின்ற பெண்கள் பட்டியலிலிருந்து போய்விடுகிறார்கள். நம் மஹல்லாவில் எம்.காம். முடித்து, ஆறாண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்து, பின்னர் வீட்டில் இருந்துவிட்ட சகோதரிகள் உள்ளனர். இவர்களில் சிலர் திரைக்கு அப்பாலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2022இல் லிங்க்ட்இன், பணி இடைவெளியையும் அதன் காரணத்தையும் பக்கத்திலேயே குறிப்பிடும் வசதியை அளித்தது. தேடுபவர் அந்த வடிகட்டியை நீக்கினாலன்றி அதனால் பயனில்லை.

இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் இக்குறைகள் நீங்கிவிடும் என்று எண்ணுவோரும் உள்ளனர். அமேசான் நிறுவனம் 2014 முதல் பயோடேட்டாக்களைத் தானே தரம்பிரிக்கும் ஒரு மென்பொருளை உருவாக்கி வந்தது. பத்தாண்டுகளில் வந்த பயோடேட்டாக்களைக் காட்டி அதற்குப் பயிற்சியளித்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, 'பெண்கள்' என்ற சொல் தென்பட்ட பயோடேட்டாக்களை அது கீழிறக்கத் தொடங்கியது. அந்நிறுவனம் அதைக் கைவிட்டதை ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் வெளியிட்டது. நேற்றுவரை நடந்ததையே இயந்திரம் நாளைக்கும் நடத்திக் காட்டும்.

பெயரை வைத்து வடிகட்டுவதும் நடக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய இரு ஆய்வாளர்கள், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் இந்திய நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். உயர்சாதி இந்துப் பெயருடைய விண்ணப்பத்திற்கு மறுமொழி வரும் வாய்ப்போடு ஒப்பிட, முஸ்லிம் பெயருடையதற்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. தலித் பெயருடையதற்கு மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கேட்டு வருந்துகிறோம். வருந்தும் நாமே, நம் அலுவலகத்துக்கு ஒரு பயோடேட்டா வந்தால் 'எந்தத் தெருப் பிள்ளை?' என்று முதலில் கேட்கிறோம். பக்கத்துக் கிராமத்துப் பிற சமயச் சகோதரர்கள் வந்து கொடுத்த பயோடேட்டாக்கள் சில, கணினியில் ஏற்றப்படாமலே மேசை இழுப்பறையில் கிடந்ததை நாம் கண்டோம். இப்போது ஏற்றப்பட்டுவிட்டன. இதைச் சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலை தேடும் இளைஞர்களுக்கு ஓரிரு சொல். உங்கள் பயோடேட்டாவில் தொழிலின் பெயரை ஒரே விதமாக எழுதாதீர்கள். சான்றிதழில் உள்ள பெயர், ஊரில் வழங்கும் பெயர், விளம்பரங்களில் வரும் பெயர் ஆகிய மூன்றும் எங்கேனும் ஓரிடத்தில் இருக்கட்டும். கையாண்ட கருவிகளின் பெயர்களை எழுதுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதாதீர்கள். தேடலில் முன்னே வருவீர்கள், முதல் நேர்காணலிலேயே பின்னே போவீர்கள். பயோடேட்டாவைப் படமாக எடுத்து அனுப்பாமல் எழுத்துக் கோப்பாகவே அனுப்புங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பல கணினிகள் படிப்பதில்லை.

தேடும் இந்தக் கலை உங்கள் கைக்கும் உரியது. வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்பவரின் நிறுவனப் பெயரை மேற்கோள்குறிக்குள் இட்டு, 'ஃபிராடு', 'ஸ்கேம்' என்ற சொற்களை 'ஆர்' இட்டுச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அதற்கும் மேலாக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவர் பதிவுபெற்ற முகவர்தாமா என்பதை, மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் என்ற வரம்புக்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலேயே விடை தெரியும்.

இறுதியாக, பிறருடைய தகவல்கள் நம் கையில் அமானிதமாக இருப்பதைக் குறித்து. கூகுளில் 'ஃபைல்டைப்' என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளியின்றிப் 'பிடிஎஃப்' என்று இட்டுப் பயோடேட்டாக்களைத் தேடினால், முன்பின் அறியாத மனிதர்களின் வீட்டு முகவரி, கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர்வரை வந்து விழுவதை நாமே கண்டோம். யாரோ எப்போதோ ஒரு தளத்தில் ஏற்றியவை அவை. தேடுபவருக்கு அவை கிடைக்கின்றன என்பதால் எடுத்துப் பரப்பும் உரிமை கிடைத்துவிடாது. நம் பிரிவிலும் ஒரு பிழை நேர்ந்தது. ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய பயோடேட்டாக்களைக் கடவுச்சீட்டு நகல்களோடு ஆர்வ மிகுதியால் 200 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டார்கள். நாம் அறிந்து நீக்கச் சொல்வதற்குள் அவை எங்கெங்கோ சென்றுவிட்டன. அவற்றுள் ஒரு சகோதரரின் கடவுச்சீட்டு நகலைக் காட்டி யாரோ பணம் கேட்டதாகவும் பின்னர் அறிந்தோம். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலையும் சொல்லப்பட்ட நோக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டது. சட்டம் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆகவே நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு சில மாற்றங்களைச் செய்திருக்கிறோம். பயோடேட்டாப் படிவத்தில் 'இத்தொழிலுக்கு வழங்கும் வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. பெயரும் தெருவும் தனித் தாளில் இருக்கும். தேடுபவர் முதலில் தொழிலையும் அனுபவத்தையும் மட்டுமே காண்பார். கடவுச்சீட்டு நகல், வேலை உறுதியான பின்னரே வாங்கப்படும். நிறுவனம் நடத்தும் சகோதரர்கள் ஆள் வேண்டும் என்று சொல்லும்போது, பதவிப் பெயரோடு நில்லாமல், அந்த ஆள் காலையில் வந்ததும் என்ன வேலை செய்வார் என்பதை இரண்டு வரிகளில் சொல்லி அனுப்புங்கள். சொற்களை நாம் கண்டுகொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் இஷாவரை மேசை திறந்திருக்கும்.

குளிர்சாதனம் பழுதுபார்த்த அந்தச் சகோதரரின் பயோடேட்டாவை நம் பிள்ளைகளே அமர்ந்து திருத்தி எழுதினார்கள். ஷார்ஜாவில் அந்த இடம் நிரம்பிவிட்டது. அது போனது போனதுதான். சென்ற ஷஃபான் மாதம் தோஹாவிலிருந்து வேறொரு நிறுவனம் 'சில்லர் மெயின்டனன்ஸ்' என்று கேட்டது. இம்முறை முதல் வரியிலேயே அவர் பெயருக்குரிய எண் வந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்து விசாவுக்காகக் காத்திருக்கிறார்.